ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுகள்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



நம் அறக்கட்டளைக்கு மாதந்தோறும் வரும் உதவி மனுக்களில் மருத்துவச் செலவுக்கானவையே அதிகம். மனுவோடு மருந்துச் சீட்டையும் பில்லையும் இணைத்திருப்பார்கள். நகையை அடகு வைத்து, உறவினரிடம் கைமாற்று வாங்கி, எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் பலர் நம்மிடம் வருகிறார்கள். ஆகவே, ஒரு மருந்து உண்மையிலேயே பலன் தருகிறதா, அதை யார் எப்படிச் சோதித்துச் சொல்கிறார்கள் என்பதை ‘டாக்டர்கள் பாடு’ என்று நாம் விட்டுவிட முடியாது. ஒரு குடும்பத்தின் சேமிப்பும், சில வேளைகளில் ஓர் உயிரும் அதில் அடங்கியிருக்கின்றன.

இதை விளங்கிக்கொள்ள, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அண்மை ஆண்டுகளில் நடந்த நான்கு ஆய்வுப் பணிகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். பழமையான பல்கலைக்கழகம் என்று அந்தப் பெயரை எல்லோரும் கேட்டிருப்போம். நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசி பிறந்த இடமும் அதுதான். ஆனால் அங்கிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த ஊசியோடு முடிந்துவிடவில்லை.

குலுக்கல் முறையில் ஒரு சோதனை

2020 மார்ச் மாதம். கொரோனா நோயாளிகளால் மருத்துவமனைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. எந்த மருந்து கொடுப்பது என்று உலகில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்கள் பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லேண்ட்ரே இருவரின் தலைமையில் ‘ரெக்கவரி’ என்ற ஆய்வு தொடங்கியது. திட்டம் எழுதத் தொடங்கிய ஒன்பதே நாட்களில் முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். பிரிட்டனின் 170க்கும் மேற்பட்ட அரசு மருத்துவமனைகள் அதில் இணைந்தன.

ஆய்வின் முறை எளிமையானது. நோயாளியின் சம்மதத்தை, அவரால் முடியாவிட்டால் குடும்பத்தாரின் சம்மதத்தைப் பெறுவார்கள். பிறகு அவருக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமா, அதோடு சோதனை மருந்தும் சேர்த்தா என்பதைக் கணினி குலுக்கல் போட்டு முடிவு செய்யும். டாக்டருக்கும் அதில் பங்கில்லை, நோயாளிக்கும் இல்லை. 28 நாட்கள் கழித்து, எந்தப் பிரிவில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள்.

உயிர் விஷயத்தில் குலுக்கலா என்று சிலர் முகம் சுளிக்கலாம். காரணம் இருக்கிறது. யாருக்கு மருந்து என்பதை மனிதர்கள் தேர்ந்தெடுத்தால், தம்மை அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். திடமாக இருப்பவருக்குப் புது மருந்தைக் கொடுத்து, அவர் பிழைத்ததும் மருந்துதான் காப்பாற்றியது என்பார்கள். அவர் மருந்தில்லாமலும் பிழைத்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாமல் போகும். குலுக்கல் போட்டால் வயதானவர், இளையவர், சர்க்கரை நோயாளி, உடல் வலுவுள்ளவர் என எல்லோரும் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடுவார்கள். அதன் பிறகும் வித்தியாசம் தெரிந்தால், அது மருந்தின் வேலை என்று நம்பலாம்.

2020 ஜூன் 16 அன்று ஒரு முக்கிய முடிவு வெளியானது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 2,104 பேருக்குக் கொடுத்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரோடு ஒப்பிட்டிருந்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதாவது அந்த நிலையில் உள்ள எட்டுப் பேருக்கு இம்மருந்தைக் கொடுத்தால் ஓர் உயிர் காப்பாற்றப்படும். ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களில் 25 பேருக்கு ஓர் உயிர் என்பது அன்றைய கணக்கு.

அது புது மருந்தும் அல்ல, விலை உயர்ந்ததும் அல்ல. சுமார் அறுபது ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை. அதன் பயன் இன்னது என்று உறுதியாகத் தெரிந்ததால், ஏழை நாடுகளின் மருத்துவமனைகளும் அன்றே அதைப் பயன்படுத்த முடிந்தது.

‘பலன் இல்லை’ என்பதும் ஒரு கண்டுபிடிப்பு

ரெக்கவரி ஆய்வின் இன்னொரு பாதியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை அந்த நாட்களில் நம் நாட்டில் எத்தனை பேர் தேடி அலைந்தார்கள்! ரெக்கவரியில் அம்மருந்து 1,561 பேருக்குக் கொடுக்கப்பட்டது. 3,155 பேருக்குக் கொடுக்கப்படவில்லை. மருந்து பெற்றவர்களில் 27 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 25 சதவீதம் பேரும் இறந்தார்கள். கொரோனா சிகிச்சையில் அதனால் நன்மை இல்லை என்பது தெளிவாயிற்று.

அடுத்தது பிளாஸ்மா. நோயிலிருந்து மீண்டவரின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து நோயாளிக்கு ஏற்றும் சிகிச்சை. இரண்டாம் அலையின்போது, ‘பிளாஸ்மா அவசரத் தேவை’ என்று நள்ளிரவிலும் செய்திகள் வந்துகொண்டிருந்தன. பணம் செலவழித்து, வாகனம் பிடித்து, கொடையாளரைத் தேடிக் குடும்பங்கள் ஓடின. ரெக்கவரியில் சுமார் 11,500 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. பிளாஸ்மா பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் இறந்தவர்கள் ஒரே அளவுதான்: 24 சதவீதம்.

இதைக் கண்டறிய ஆக்ஸ்ஃபோர்டு வரை போக வேண்டியிருந்தது என்றும் சொல்ல முடியாது. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ‘பிளாசிட்’ ஆய்வும் இதையே சொன்னது. அதன் முடிவு 2020 அக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. ஆனால் அரசின் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே மாதத்தில்தான். ஆய்வின் முடிவு வருவது ஒன்று, அது மக்களின் காதுக்கு எட்டுவது வேறொன்று. இடையில் கழிந்த மாதங்களில்தான் அத்தனை அலைச்சலும் நடந்தது.

நல்லது என்று தெரிந்த மருந்திலும் அளவு உண்டு

டெக்சாமெத்தசோன் ஆய்வில் இன்னொரு வரி இருந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அம்மருந்தால் பலன் இல்லை, தீங்கு நேரவும் வாய்ப்புண்டு என்பதே அது.

காரணம் இதுதான். நோயின் தொடக்கத்தில் கிருமியை எதிர்த்துப் போராடுவது நம் உடலின் எதிர்ப்புச் சக்தி. நோய் முற்றும்போது அதே எதிர்ப்புச் சக்தி கட்டுமீறி நுரையீரலையே தாக்கத் தொடங்கும். ஸ்டீராய்டு அந்த வேகத்தை அடக்குகிறது. முற்றிய நிலையில் கொடுத்தால் உயிர் காக்கும். தொடக்கத்திலேயே கொடுத்தால், காவலுக்கு நிற்பவனின் கையையே கட்டிவிடுவதாக ஆகும்.

அந்த ஒரு வரியைக் கவனிக்காததன் விலையை நம் நாடு 2021இல் கொடுத்தது. காய்ச்சல் வந்த முதல் நாளே சீட்டில்லாமல் ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள் உண்டு. தேவைக்கு மேல், நாள் கணக்கின்றி எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஸ்டீராய்டு ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் இதுவும் சேர்ந்துகொள்ள, கறுப்புப் பூஞ்சை நோய் பரவியது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். கண்ணை இழந்தவர்கள், தாடை எலும்பை இழந்தவர்கள், உயிரையே இழந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். பிரிட்டனில் உயிர் காத்த மாத்திரைதான் இங்கே தீங்கும் செய்தது. யாருக்கு, எப்போது, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளும் மருந்தின் பெயரைப் போலவே முக்கியமானவை.

இம்முறையில் சென்னைக்கும் பங்குண்டு

குலுக்கல் முறை ஆய்வு ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அதை நடத்தின. காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. அது தேவைதானா என்று இந்த மையம் கேட்டது.

நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கவனிப்பும் கிடைத்தன. மற்றவர்கள் தம் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து அதே மாத்திரைகளைச் சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்திருந்தன. வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவிவிடவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. இன்று காசநோயாளி வேலைக்குப் போய்க்கொண்டே மருந்து சாப்பிட முடிகிறது என்றால், சென்னையின் அந்த 193 ஏழைகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

கோவிஷீல்டு: அச்சமும் உண்மையும்

ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாவது பணி நம் கையில் ஏறிய ஊசி. பேராசிரியர் சாரா கில்பர்ட்டின் குழு, மெர்ஸ் என்ற வேறொரு கொரோனா நோய்க்கு ஏற்கெனவே தடுப்பூசி உருவாக்கிக்கொண்டிருந்தது. சிம்பன்சிகளுக்குச் சளி உண்டாக்கும் ஒரு வைரஸை, உடலுக்குள் பெருக முடியாதபடி மாற்றி, அதைச் சுமைவண்டியாகப் பயன்படுத்தும் முறை அது. புது நோய் வந்ததும் வண்டியை மாற்றவில்லை, சுமையை மட்டும் மாற்றினார்கள். பல ஆண்டு உழைப்பு முன்பே இருந்ததால்தான் ஓராண்டுக்குள் ஊசி வந்தது. ‘இவ்வளவு சீக்கிரம் எப்படி?’ என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

2020 டிசம்பர் 30 அன்று பிரிட்டன் அதற்கு அனுமதி அளித்தது. ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம் பொறுப்பேற்றது. புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட் கோவிஷீல்டு என்ற பெயரில் தயாரித்தது. 2021 ஜனவரி 16 முதல் இந்தியாவில் போடப்பட்டது. சாதாரண குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்கலாம் என்பதால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை அது சென்று சேர்ந்தது.

இதில் ஒரு குறையும் தெரியவந்தது. மிக அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறைந்து, தட்டணுக்கள் குறையும் பாதிப்பு ஏற்பட்டது. சிலர் இறக்கவும் செய்தார்கள். இளம் வயதினருக்கு ஆபத்து சற்றுக் கூடுதல் என்று தெரிந்ததும், 2021 ஏப்ரலில் 30 வயதுக்குட்பட்டோருக்கும் மே மாதத்தில் 40 வயதுக்குட்பட்டோருக்கும் வேறு தடுப்பூசியைப் பரிந்துரைத்தது பிரிட்டன். குறை மறைக்கப்படவில்லை, கணக்கெடுத்து, வெளியிட்டு, முறையை மாற்றினார்கள்.

2024இல் இச்செய்தி மறுபடியும் கிளம்பி, நம் மஹல்லாவிலும் பலர் பயந்துபோய்க் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: அந்த அரிய பாதிப்பு ஊசி போட்ட சில வாரங்களுக்குள் தோன்றுவது. ஆண்டுகள் கழித்து அதை நினைத்து உறக்கம் கெட வேண்டியதில்லை.

மலேரியாவுக்குத் தடுப்பூசி

மூன்றாவது பணி, நாம் அதிகம் கேள்விப்படாதது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

பேராசிரியர் ஏட்ரியன் ஹில் தலைமையில் ஆக்ஸ்ஃபோர்டின் ஜென்னர் நிறுவனம் உருவாக்கிய தடுப்பூசியின் பெயர் ஆர்21. கொசு கடித்ததும் மலேரியாக் கிருமி ரத்தத்தின் வழியே கல்லீரலுக்குப் போய்த் தங்கிப் பெருகும். அங்கே போய்ச் சேருமுன் அதை மடக்கும்படி உடலைப் பழக்குகிறது இந்த ஊசி. உடல் நன்றாகப் பழகிக்கொள்ள, ஒருவகை மரப்பட்டையிலிருந்து எடுக்கும் ஊக்கப்பொருளும் அதில் சேர்க்கப்படுகிறது.

புர்கினா ஃபாஸோ நாட்டின் நனோரோ என்ற ஊரில், அந்நாட்டுப் பேராசிரியர் ஹலிடு டின்டோவின் குழு 450 குழந்தைகளிடம் நடத்திய சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. பிறகு நான்கு நாடுகளில் 4,800 குழந்தைகளிடம் பெரிய சோதனை நடந்தது. மழைக்காலத்தில் மட்டும் மலேரியா பரவும் இடங்களில், அந்தப் பருவத்துக்கு முன்பே ஊசி போட்டபோது ஓராண்டில் நோய் 75 சதவீதம் குறைந்தது. ஆண்டு முழுவதும் பரவும் இடங்களில் 68 சதவீதம். 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் ஐவரி கோஸ்ட் நாட்டில் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள்.

இதைத் தயாரிப்பதும் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட்தான். ஒரு ஊசியின் விலை 2 முதல் 4 டாலர். ஆண்டுக்குப் பத்துக் கோடி ஊசிகள் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார்கள். ஐரோப்பாவில் ஆய்வுக்கூடம், ஆப்பிரிக்காவில் சோதனை, இந்தியாவில் ஆலை. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைகளுக்கு ஊசி கிடைத்திருக்காது. வரம்பும் உண்டு. மூன்று ஊசிக்குப் பிறகு ஓராண்டு கழித்து நான்காவதும் போட வேண்டும். கொசுவலையையும் கைவிடக் கூடாது.

உயிர் காத்த மருந்து செயலிழக்கிறது

நான்காவது, ஆண்டிபயாடிக் மருந்துகள் பற்றியது. பெனிசிலினை 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்தார். அதை நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாக ஆக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோரின் குழு. 1941 பிப்ரவரியில், தொற்று முற்றிய ஒரு காவலருக்கு முதலில் கொடுத்தார்கள். அவர் தேறத் தொடங்கினார். ஆனால் இருந்த மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தை மறுபடி பிரித்தெடுத்துக் கொடுத்தும் போதவில்லை. மார்ச் மாதம் அவர் இறந்துபோனார். ஒரு துளி மருந்துக்கு அவ்வளவு அருமை இருந்த காலம் அது.

இன்று நிலைமை தலைகீழ். தாராளமாகக் கிடைக்கும் ஆண்டிபயாடிக்கைத் தேவையின்றி விழுங்குவதால் கிருமிகள் அதற்குப் பழகிவிடுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டும் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 204 நாடுகளின் விவரங்களை ஆராய்ந்து 2022இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் 2019இல் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்றது அது.

இது தூரத்து விஷயமில்லை. குழந்தைக்குச் சளி பிடித்தால், போன முறை எழுதிய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்கிக் கொடுக்கிறோம். ஐந்து நாள் மருந்தை, காய்ச்சல் விட்டதும் இரண்டே நாளில் நிறுத்துகிறோம். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறோம். சாதாரணச் சளியும் ஃபுளூவும் வைரஸால் வருபவை. ஆண்டிபயாடிக் அவற்றைத் தொடவே தொடாது. உண்மையான தேவை வரும் நாளில் அம்மருந்து வேலை செய்யாமல் போவதுதான் மிச்சம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. மருந்து எழுதித் தரும் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்போம்: இது எதற்கு? எத்தனை நாள்? எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும்? மரியாதையோடு கேட்டால் நல்ல மருத்துவர் பதில் சொல்வார்.

2. ஸ்டீராய்டு, ஆண்டிபயாடிக் இரண்டையும் சீட்டில்லாமல் வாங்க வேண்டாம். டாக்டர் சொன்ன நாட்களுக்கு முன்பு நாமாக நிறுத்தவும் வேண்டாம். பக்கத்து வீட்டாரோடு பகிரவும் வேண்டாம்.

3. ‘இதைச் சாப்பிட்டு என் மச்சானுக்குக் குணமாயிற்று’ என்று வரும் செய்தி பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருவருக்குக் குணமானது சான்றாகாது. எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், கொடுக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்போம். பதில் தெரியும்வரை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்போம். கேள்விப்பட்டதையெல்லாம் பரப்புவதைக் கண்டிக்கும் மார்க்கம் நம்முடையது.

4. பெரிய தொகை கேட்கும் ‘புது சிகிச்சை’ என்றால், பணம் கட்டுமுன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்போம். அறக்கட்டளையிடம் உதவி கேட்டு வருபவர்களுக்கும் நாங்கள் சொல்வது இதைத்தான்.

5. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தவறிய ஊசி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவம் என்றால் எம்.பி.பி.எஸ். ஒன்றுதான் என்று நினைத்து, இடம் கிடைக்காதபோது மனமுடைந்து போகும் பிள்ளைகள் உண்டு. மேலே சொன்ன ஆய்வுகளில் டாக்டர்கள் மட்டும் உழைக்கவில்லை. கணக்குப் பார்த்தவர்கள் புள்ளியியல் படித்தவர்கள். நோயாளியிடம் பேசிச் சம்மதம் பெற்றவர்களில் நர்சுகள் ஏராளம். கிருமியை வளர்த்துப் பார்த்தவர்கள் நுண்ணுயிரியல் படித்தவர்கள். ஆலையில் தரம் பார்த்தவர்கள் மருந்தியல் படித்தவர்கள். இந்தப் படிப்புகள் நம் மாவட்டத்துக் கல்லூரிகளிலேயே இருக்கின்றன. மேற்படிப்புக்கு வெளிநாடு போக விரும்புவோருக்குக் காமன்வெல்த், செவனிங் போன்ற உதவித்தொகைகளும் உண்டு. இதில் ஆர்வமுள்ள மாணவ மாணவியர் அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பிக்கும் முறையை உடனிருந்து பார்த்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.